கவர் பிரிக்காத வீடு

எங்கள் வீட்டு சோபாவில் யார் உட்கார்ந்தாலும் ஒரு சத்தம் வரும்.

"பர்ர்ர்ர்!"

புதிதாக வருபவர்களுக்கு முகம் எப்படியோ ஆகிவிடும். "ஐயோ, நான் இல்லீங்க!" என்று பதறி எழுந்திருப்பார்கள். எழும்போது இன்னொரு 'பர்ர்'. என் தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "நீங்க இல்லைங்க, சோபாதான். இன்னும் கவர் பிரிக்கலை" என்பார்.

அந்த சோபா என் தம்பி பிறப்பதற்கு முன்பே வாங்கியது. கவர் மங்கி மஞ்சளாகி, உள்ளே என்ன நிறம் என்றே தெரியாது.

சோபா மட்டுமா? டிவி ரிமோட் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் மூச்சு முட்டிக்கொண்டிருக்கும். எந்தப் பட்டனை அழுத்துகிறோம் என்று கண்ணுக்குத் தெரியாது, குத்துமதிப்பாக அழுத்த வேண்டும். பிரிட்ஜ் கதவில் கடையில் ஒட்டிய நீலத் தாள் அப்படியே இருக்கும். சுவர்க் கடிகாரம் மணியைக்கூட மங்கலாகத்தான் காட்டும்.

எல்லாம் அப்பாவின் ஏற்பாடு. அப்பா வேன் ஓட்டுகிறார். கடையில் வாங்கிய பீரோ, பிரிட்ஜ், கட்டில் எல்லாவற்றையும் வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. ஒரு சின்னக் கீறல் விழுந்திருந்தாலும் வாங்கியவர்கள் வாசலிலேயே மடக்கி, "இது வேண்டாம், திருப்பி எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிடுவார்களாம்.

"கவர் இருக்குற வரைக்கும்தான் பொருளுக்கு மரியாதை" என்பார் அப்பா.

இப்படிப்பட்ட அப்பாவுக்கு இப்படி ஒரு பிள்ளை! என் தம்பியைச் சொல்கிறேன். ஆள் சின்ன உருண்டையாக இருப்பான் என்பதால் அவனுக்குப் பட்டாணி என்று பெயர். எங்கேயாவது ஒட்டியிருக்கும் ஒரு ஸ்டிக்கரைக் கண்டால் போதும், அவன் நகம் அரிக்கத் தொடங்கிவிடும். ஆப்பிளில் ஒட்டிய ஸ்டிக்கர், மருந்து பாட்டிலில் ஒட்டிய தாள், பக்கத்து வீட்டு அக்காவின் புதுச் செருப்பில் இருந்த விலைச்சீட்டு, எதையும் விடமாட்டான். எங்கள் வீட்டில் 'சாப்பிட வா' என்று சொல்வதைவிட 'பட்டாணி, கையை எடு!' என்று சொல்வதுதான் அதிகம்.

என்னை எல்லோரும் விஞ்ஞானி என்பார்கள். மாமா வைத்த பட்டம் அது. அதில் பாதி கிண்டல். மீதிப் பாதியும் கிண்டல்தான். ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது கதைக்கு வருகிறேன்.

அம்மா சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறார். இதுவரை வந்த புத்தகங்களில் அம்மாவின் பெயர் உள்ளே எங்கேயோ எறும்பு எழுத்தில் இருக்கும். இந்த முறை அப்படி இல்லை. குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒரு திமிங்கிலத்தின் கதை. கதையும் அம்மாதான், படமும் அம்மாதான். அட்டையில் அம்மாவின் பெயர் பெரிதாக வரப்போகிறது.

கடைசிப் படம் ஒன்றுதான் பாக்கி. முழுக் கடலும் வர வேண்டிய பெரிய படம். அதை வரையும்போதுதான் அம்மாவின் பழைய கம்ப்யூட்டர் 'கீச்' என்று ஒரு சத்தம் போட்டது. அதோடு சரி. அப்பா தட்டிப் பார்த்தார். அம்மா கெஞ்சிப் பார்த்தார். அது கண்ணே திறக்கவில்லை.

வரைந்த படங்கள் எல்லாம் பென் டிரைவில் பத்திரமாக இருந்தன. ஆனால் திங்கட்கிழமை காலையில் கடைசிப் படத்தையும் சேர்த்து அனுப்பியாக வேண்டும். "இனிமேலும் தள்ளிப்போட முடியாதும்மா. படம் வரலைன்னா வேற புத்தகத்தை எடுத்து அச்சுக்கு அனுப்பிடுவோம்" என்று பதிப்பகத்தார் சொல்லிவிட்டார்கள்.

அன்று அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் விரலால் திமிங்கிலம் வரைந்துகொண்டிருந்தார்.

"கடையில ரெடியா இருக்குறதை வாங்கிடலாம்" என்றார் அப்பா.

"வேண்டாம்ப்பா" என்றேன் நான். "நாம வாங்கக்கூடிய ரெடி கம்ப்யூட்டர் அம்மாவோட பெரிய படத்தைத் தாங்காது. திரும்பவும் திணறும். பாகம் பாகமா வாங்கிப் பூட்டினா, படம் வரையறதுக்கு எது வேணுமோ அதை மட்டும் நல்லதா வாங்கலாம். நான் பூட்டறேன்."

"நீயா?" என்றார் மாமா. அம்மாவின் தம்பி அவர். விடுமுறை என்றால் எங்கள் வீட்டில்தான் இருப்பார். அன்றைக்கு விடுமுறையும் இல்லை, ஆனாலும் இருந்தார்.

"ஆமா மாமா. ஸ்கூல்ல பழைய கம்ப்யூட்டரை எல்லாம் கழட்டிப் பூட்டியிருக்கேன். கம்ப்யூட்டர் டீச்சரைக் கேட்டுப் பாருங்க."

மாமா அப்பாவிடம் திரும்பினார். "அத்தான், 'சிறுபிள்ளை வெள்ளாமை வீடு வந்து சேராது'ன்னு சும்மாவா சொன்னாங்க?"

"அப்படின்னா என்ன மாமா?" என்றான் பட்டாணி.

"சின்னப் பசங்க பயிர் வெச்சா, விளைஞ்சது வீட்டுக்கு வந்து சேராதுன்னு அர்த்தம்டா."

"அக்கா வயல்ல இறங்கப் போறாளா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரத்திலேயே அம்மா சிரித்தது அப்போதுதான். பிறகு என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"நிஜமாவே உன்னால முடியுமாடீ?"

"முடியும்மா."

"அப்ப சரி. என்னங்க, அவளே செய்யட்டும்."

அப்பா தாடையைத் தடவினார். "சரி கண்ணு. ஆனா ஒண்ணு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கடை மூடறதுக்குள்ள இது ஓடணும். ஓடலைன்னா அத்தனையையும் திருப்பிக் கொடுத்துட்டு, ரெடியா இருக்குறதை வாங்கிட்டு வந்துடுவேன். அப்புறம் அழக் கூடாது."

"அழ மாட்டேன்."

"அப்புறம், எந்தக் கவரையும் கிழிக்கக் கூடாது. கவர் கிழிஞ்சிருந்தா எந்தக் கடையிலயும் திருப்பி எடுக்க மாட்டாங்க."

அப்பா வேறு என்ன சொல்வார்?

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசை என் வசம் வந்தது. அப்பா பழைய போர்வை ஒன்றை விரித்தார். முந்தின நாள் வாங்கி வந்த பெட்டிகளை அவர்தான் திறந்தார். திறந்தார் என்றா சொல்வது? குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்குவது போல ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். டேப்பை நகத்தால் நெம்பி, கவரை நுனியில் மட்டும் பிரித்து, பாகத்தை உருவி, கவரை மடித்து, அதே பெட்டிக்குள் வைத்தார். ஒரு கசங்கல்கூட இல்லை.

மாமா தேநீர்க் கோப்பையோடு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து வர்ணனை செய்தார்.

"இதோ, விஞ்ஞானி ஜன்னல் கம்பியைத் தொடுகிறார். ஏன் தொடுகிறார்? அது அவருக்கே வெளிச்சம்!"

"உடம்புல இருக்குற மின்சாரம் இறங்கறதுக்கு மாமா. இல்லைன்னா பாகம் கெட்டுடும்."

"அப்படியா?" என்று மாமாவும் ஒரு தடவை கம்பியைத் தொட்டுக்கொண்டார்.

முதலில் மதர்போர்டு. அதில்தான் மற்ற எல்லாம் உட்கார வேண்டும். அடுத்து ப்ராசஸர். உள்ளங்கையில் பாதிகூட வராத ஒரு சதுரம், ஆனால் அதுதான் மூளை. அதன் ஒரு மூலையில் குட்டி முக்கோணம் இருக்கும். மதர்போர்டிலும் அதே மாதிரி ஒரு முக்கோணம். இரண்டையும் பொருத்தி மெல்ல வைத்தால் போதும், அழுத்தவே கூடாது. தானாக உட்கார்ந்துகொள்ளும். மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன். பொசுக்கென்று உட்கார்ந்தது. பக்கத்துக் கம்பியை இறக்கிப் பூட்டினேன்.

"அடுத்தது கூலர்" என்றேன்.

"அது எதுக்கு?" என்றான் பட்டாணி.

"மூளை நிறைய வேலை செஞ்சா சூடாகும்ல? அந்தச் சூட்டை உறிஞ்சி வெளியே விடறதுக்கு. கீழே தட்டையா இருக்குற பக்கம் மூளை மேல உட்காரும். மேலே இந்தத் தகடு தகடா இருக்கு பாரு, சூடு அது வழியா ஏறும். ஃபேன் அதை ஊதித் தள்ளிடும்."

அப்பா கூலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அதன் அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. பட்டாணி அதில் முகம் பார்த்தான். பல்லைக் காட்டினான். பிறகு அவன் நகம் மெல்ல அதன் ஓரத்தை நோக்கிப் போனது.

"அக்கா, இதுல..."

"பட்டாணி, கையை எடு!"

அப்பா, அம்மா, மாமா, நான், நான்கு பேரும் ஒரே குரலில் கத்தினோம். அவன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் ஒரு பேஸ்ட் வைக்க வேண்டும். இரண்டு உலோகமும் இடைவெளி இல்லாமல் ஒட்டி உட்கார அது உதவும்.

"எவ்வளவு வைக்கணும்?" என்றார் அம்மா.

"பட்டாணி அளவு."

பட்டாணி என்னைப் பார்த்தான். தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டான். "அவ்ளோ பேஸ்ட்டா?"

"உன் அளவு இல்லைடா, சாப்பிடற பட்டாணி!"

"தாராளமா போடும்மா. ரொட்டிக்கு ஜாம் தடவற மாதிரி" என்றார் மாமா. "என்ன கஞ்சத்தனம்?"

"அதிகமானா வழிஞ்சு கெட்டுப்போகும் மாமா." குழாயை மெல்ல அழுத்தி, நடுவில் ஒரே ஒரு பொட்டு வைத்தேன். மீதியை மூடி பத்திரப்படுத்தினேன்.

அப்பா கூலரை நேராக இறக்கினார். நான் நான்கு ஸ்க்ரூவையும் முடுக்கினேன். ஒன்றைக் கொஞ்சம், அதற்கு எதிர் மூலையில் இருப்பதைக் கொஞ்சம், மறுபடி அடுத்த இரண்டு மூலைகள்.

"அட!" என்றார் அப்பா. "டயர் நட்டு முடுக்கற மாதிரியே இருக்கே!"

"அதேதான்ப்பா. ஒரே பக்கமா முடுக்கினா சாஞ்சுடும்."

"மச்சான், பாத்தியா? என் பொண்ணுக்கு டயர் மாத்தவே தெரியும்!" என்று அப்பா மாமாவிடம் பெருமையடித்துக்கொண்டார். எனக்கு ஜிவ்வென்று இருந்தது.

ஃபேன் வயரை அதற்கென்று இருக்கும் இடத்தில் சொருகினேன். மற்ற பாகங்களும் உட்கார்ந்தன. கேபினெட் என்கிற பெட்டிக்குள் எல்லாவற்றையும் பூட்டி, அம்மாவின் மானிட்டரோடு சேர்த்தேன். அந்த மானிட்டர் ஒன்றுதான் எங்கள் வீட்டில் கவர் இல்லாதது. வாங்கிய அன்றே அம்மா அதைப் பிரித்துவிட்டார். அப்பா ஒரு வாரம் அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டாராம்.

பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது. திரையில் வெளிச்சம் வந்தது!

அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். அப்பா கை தட்டினார். மாமாவும் தட்டினார். ஆனால் ஒரு கையில் கோப்பை இருந்ததால் சத்தம் வரவில்லை.

வேண்டிய மென்பொருள்களை எல்லாம் ஏற்றி முடிக்க மதியம் தாண்டிவிட்டது. அம்மா கடல் படத்தைத் திறந்தார். நீல வண்ணத்தை எடுத்து ஓர் அலை வரைந்தார். இரண்டாவது அலை பாதியில் நின்றது.

திரை கறுத்துவிட்டது. ஃபேன் நின்றுவிட்டது.

"கரண்ட் போச்சா?" என்றார் அம்மா. தலைக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மறுபடி போட்டேன். வந்தது. அம்மா வரையத் தொடங்கியதும் அணைந்தது. இன்னொரு தடவை போட்டேன். அம்மா கம்ப்யூட்டர் பேனாவை எடுப்பதற்குள்ளேயே அணைந்தது.

கொஞ்ச நேரம் விட்டு, ப்ராசஸரின் சூட்டைக் காட்டும் திரைக்குப் போய்ப் பார்த்தேன். எண் ஏறிக்கொண்டே இருந்தது. அடுப்பில் வைத்த பால் மாதிரி ஏறு ஏறென்று ஏறியது. அதுவும் எந்த வேலையும் கொடுக்காமலே!

"மூளை கொதிக்குதுப்பா. கருகிடக் கூடாதுன்னு அதுவா அணைஞ்சுக்குது."

"ப்ராசஸரே மோசம் போலிருக்கு" என்றார் மாமா. சட்டென்று பட்டாணியைப் பார்த்தார். "ஏய், நீதானே அந்தப் பளபளப்புல விரலை வெச்சே? உன் கை பட்டுத்தான் ஏதோ ஆயிடுச்சு!"

"நான் வைக்கலை!"

"வெச்சதை நானே பாத்தேன்."

பட்டாணியின் உதடு பிதுங்கியது. ஓடிப்போய் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு காலிப் பெட்டிகளை எடுத்து வரிசையாக வைத்தார். மடித்து வைத்த கவர்களை வெளியே எடுத்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தப் பொறுமையைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அம்மா அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பரவாயில்லைடீ" என்றார். பரவாயில்லை என்று சொல்பவர் முகம் அப்படி இருக்காது.

அழ மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? அழவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டுக்குள் கை விட்டுக் கூலரின் தகடுகளைத் தொட்டுப் பார்த்தேன்.

ஜில்லென்று இருந்தது.

இது என்ன கூத்து? கீழே கொதிக்கிறது, மேலே குளிர்கிறது. சூடு மேலே ஏறவே இல்லை. நடுவில் ஏதோ வழி மறிக்கிறது. பேஸ்ட் வைத்தேன், ஸ்க்ரூவும் சரியாகத்தான் முடுக்கினேன். வேறு என்ன?

சோபாவுக்குப் பின்னாலிருந்து விசும்பல் கேட்டது.

யோசிப்பதை அப்புறம் யோசிக்கலாம் என்று அங்கே போனேன். பட்டாணி கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூக்கு ஒழுகியது. அவனைத் தூக்கி சோபாவில் உட்கார வைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். 'பர்ர்' என்றது. வழக்கமாக அதற்குச் சிரிப்பவன் சிரிக்கவில்லை.

"நீ கெடுக்கலைடா. எனக்குத் தெரியும்" என்றேன்.

"மாமாவுக்குத் தெரியலையே!"

"மாமாவை விடு. அவருக்குக் கம்ப்யூட்டர்னா என்னன்னே தெரியாது."

"காது கேக்குது!" என்றது மாமாவின் குரல்.

பட்டாணி என் மடியில் சாய்ந்தான். பிற்பகல் வெயில் சோபாவில் விழுந்திருந்தது. பிளாஸ்டிக் கவர் என் காலில் ஒட்டிக்கொண்டு, தொடை எல்லாம் வியர்த்தது. சே, இந்தக் கவருக்குள் காற்றும் போகாது, சூடும் வெளியே போகாது. காலைப் 'பச்சக்' என்று பிய்த்து எடுத்தேன்.

"நான் உரிக்கவே இல்லைக்கா" என்று விசும்பினான் பட்டாணி. "உரிக்க விடவே இல்லையே நீங்க! அதுக்குள்ள கத்திட்டீங்க."

"எதை உரிக்க விடலை?"

"அதான், கூலர்ல. ஓரத்துல குட்டியா வால் மாதிரி நீட்டிட்டிருந்துச்சே. அதைத்தான் சொல்ல வந்தேன்."

நான் அவனைப் பார்த்தேன். என் காலைப் பார்த்தேன். சோபாவைப் பார்த்தேன்.

"பட்டாணி!" என்று அவன் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கிள்ளினேன். "நீ தங்கம்டா! தங்கம்!"

எழுந்து ஓடினேன். சோபா 'பர்ர்' என்றது. இந்த முறை பட்டாணி சிரித்தான்.

அப்பா கேபினெட்டைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்திருந்தார்.

"அப்பா, ஒரே ஒரு தடவை கூலரைக் கழட்டிப் பாத்துடறேன்."

"கண்ணு, நேரமாச்சு. கடை மூடிடுவாங்க."

"எப்படியும் திருப்பிக் கொடுக்கறதுக்குக் கழட்டத்தானே போறோம்? முதல்ல கூலரைக் கழட்டறேன், அவ்வளவுதான்."

ஸ்க்ரூ டிரைவரை என்னிடம் நீட்டினார்.

நான்கு ஸ்க்ரூவையும் தளர்த்தினேன். கூலரை மெல்ல இப்படியும் அப்படியும் திருப்பி எடுத்தேன். தலைகீழாகக் கவிழ்த்து விளக்குக்கு நேராகக் காட்டினேன்.

பேஸ்ட் நசுங்கிப் பரவியிருந்தது. அதற்கு அடியில், கண்ணாடி போலத் தெளிவாக, மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தாள். ஓரத்தில், பட்டாணி சொன்ன அதே குட்டி வால்.

எல்லோரும் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

"கவரா?" என்றார் அம்மா.

"கவர்தான்" என்றேன். "இது கீறல் விழாம இருக்கறதுக்கு ஒட்டி அனுப்புவாங்க போல. பூட்டறதுக்கு முன்னாடி எடுத்திருக்கணும். நாம கவரோட பூட்டிட்டோம். சூடு ஏற வழியே இல்லை. ஸ்கூல்ல கழட்டினது எல்லாம் பழைய கூலர், அதுல கவர் ஏது? அதான் எனக்குத் தோணலை."

மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "நான்தானே எந்தக் கவரையும் கிழிக்காதேன்னு சொன்னேன். கையில பிடிச்சிருந்ததும் நான்தான்" என்றார். குரல் கீழே போய்விட்டது.

எனக்கு அது பிடிக்கவில்லை. "நானும்தான்ப்பா பாத்தேன். எனக்கு மட்டும் தெரிஞ்சுதா? இந்த வீட்டுல வளர்ந்த கண்ணுக்குக் கவர் எங்கே தெரியப்போகுது!"

அப்பா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் சிரித்து முடித்ததும் அவர் கை தாடைக்குப் போனது. "இதை உரிச்சுட்டா கூலரைத் திருப்பி எடுக்க மாட்டாங்களே, கண்ணு. உரிச்சும் ஓடலைன்னா?"

அதுதான் கேள்வி. கவரைப் பிரித்துவிட்டால் பின்வாங்க முடியாது. கடை மூட இன்னும் கொஞ்ச நேரம்தான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்காதுப்பா" என்றேன். "கீழே கொதிக்குது, மேலே ஜில்லுன்னு இருக்கு. நடுவுல இருக்குறது இது ஒண்ணுதான். எடுத்துட்டா ஓடும்."

அப்பா கூலரை வாங்கினார். அந்தக் குட்டி வாலைத் தடவினார். அவர் எத்தனை வீட்டுக்கு எத்தனை பீரோ கொண்டுபோய் இறக்கியிருப்பார்! ஒன்றிலாவது கவரை அவர் கையால் எடுத்திருப்பாரா?

"பட்டாணி" என்று கூப்பிட்டார்.

பட்டாணி பயந்துகொண்டே வந்தான். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

"கையைக் காட்டு."

காட்டினான்.

"உரிடா!"

பட்டாணி நம்பவில்லை. அப்பாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு பிறந்ததிலிருந்து இதற்காகவே காத்திருந்தவனைப் போல, அந்த வாலை நகத்தால் பிடித்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, மெல்ல மெல்ல இழுத்தான்.

"சர்ர்ர்ர்க்!"

ஒரு துளிகூடக் கிழியாமல் முழுசாக வந்தது. என்ன லாகவம்! வேறு யார் உரித்திருந்தாலும் பாதியில் கிழிந்திருக்கும்.

"கெட்டிக்காரன்டா!" என்றார் அப்பா.

பழைய பேஸ்ட்டை மெல்லிய துணியால் சுத்தமாகத் துடைத்தேன். குழாயில் மீதி இருந்ததைப் பிதுக்கினேன். சரியாக இன்னொரு பட்டாணி அளவு வந்தது. மாமா சொன்ன மாதிரி ஜாம் தடவியிருந்தால் இப்போது கையை விரித்திருக்க வேண்டியதுதான். மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

கூலரை இறக்கினேன். "எதிர் மூலை... அடுத்து எதிர் மூலை..." என்று அப்பாவே சொல்லிக்கொடுத்தார், ஏதோ அவர்தான் கண்டுபிடித்த மாதிரி. ஃபேன் வயர் சொருகியாயிற்று. பட்டனை அழுத்தினேன்.

சூடு காட்டும் திரைக்குப் போனேன். எண் கொஞ்சம் ஏறியது. நின்றது. அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

"வரைங்கம்மா" என்றேன்.

அம்மா உட்கார்ந்தார். ஓர் அலை வரைந்தார். இரண்டாவது அலை முழுதாக வந்தது. மூன்றாவது, நான்காவது, பிறகு ஒரு கூட்டம் மீன், பவளம், ஒரு கோபக்கார நண்டு. ஃபேன் கொஞ்சம் வேகமாகச் சுற்றியதே தவிர, திரை அணையவே இல்லை. கூலருக்குப் பக்கத்தில் கையை நீட்டிப் பார்த்தேன். வெதுவெதுவென்று காற்று வந்தது. சூடு வெளியே வருகிறது! அந்தக் காற்று எனக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். கடை மூடியிருக்கும். எழுந்து போய்க் காலிப் பெட்டிகளை எல்லாம் மடித்துப் பரணில் போட்டார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கடல் முடிந்தது. நடுவில் திமிங்கிலம் சந்தோஷமாகக் குளித்துக்கொண்டிருந்தது. அம்மா எல்லாப் படங்களையும் அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. என்னைப் பிடித்து இழுத்து உச்சியில் முத்தம் கொடுத்தார். "எனக்கு?" என்று வந்து நின்றவனுக்கு இரண்டு கொடுத்தார்.

"சரி, விஞ்ஞானி" என்றார் மாமா. "வெள்ளாமை விளைஞ்சுடுச்சு. ஆனா வீடு வந்து சேரணும்ல? புத்தகம் வீட்டுக்கு வரட்டும், ஒத்துக்கறேன்."

"வரும் மாமா."

"அப்புறம், டேய் பட்டாணி, உன்னைத் திட்டினது தப்புதான்டா."

பட்டாணி பெரிய மனசோடு தலையாட்டினான். உரித்த கவரை அவன் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தான்.

சில மாதம் கழித்து, ஒரு மத்தியானம், பார்சல் வந்தது. மாமாவும் வந்திருந்தார்.

பெட்டியைத் திறந்தோம். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் புத்தகம். அட்டை நிறையத் திமிங்கிலம். அதன் கீழே பெரிய எழுத்தில் அம்மாவின் பெயர். கவரின் பளபளப்பில் எழுத்துகள் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தன.

அம்மா அதை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தார். "புதுசா இருக்கு. கவரோடயே பீரோவுல வெச்சுடலாங்களா?" என்று கண்ணைச் சிமிட்டினார்.

பட்டாணியின் நகம் அரித்தது. ஆனாலும் பொறுமையாக நின்றான்.

அப்பா புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கவரின் மடிப்பில் விரலை விட்டு, ஒரே இழுப்பாகக் கிழித்தார். துண்டு துண்டாகக் கிழிந்தது. அவருக்குப் பழக்கமில்லை, பாவம்.

"கவரோட வெச்சா எப்படிப் படிக்கறது?" என்றார். அம்மாவின் பெயரை விரலால் தடவினார். இப்போது பளிச்சென்று தெரிந்தது.

"வந்து சேர்ந்துடுச்சு மாமா!" என்றேன் நான்.

"சேர்ந்துடுச்சு தாயே, சேர்ந்துடுச்சு! நான் தோத்துட்டேன்" என்று மாமா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார்.

சத்தமே வரவில்லை.

மாமா குனிந்து சோபாவைப் பார்த்தார். சிவப்புப் பூப்போட்ட துணி! எங்கள் சோபா சிவப்பு என்பதே அன்றுதான் அவருக்குத் தெரியும்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம்.

"என்ன பாக்கறீங்க? நேத்து லீவு. நானும் பட்டாணியும் சும்மாதானே இருந்தோம்" என்றார் அப்பா. பட்டாணி தன் பத்து நகத்தையும் பெருமையாகத் தூக்கிக் காட்டினான்.

ரிமோட்டை மட்டும் இன்னும் யாரும் தொடக் கூடாதாம். அதற்குக் கொஞ்ச நாள் ஆகும்.